டேங்கர் நோட்டும் சராசரிக் கணக்கும்

2019 மே மாதம் எங்கள் அபார்ட்மெண்ட் சங்கத்துக்கு நான் பொருளாளர் ஆனேன். ஆக்கப்பட்டேன் என்பதுதான் சரி. "நீங்கதான் ஆபீஸ்ல கணக்கு எழுதுறீங்க, பாத்துக்கோங்க மேடம்" என்று கூட்டத்தில் ஒரே குரலாகச் சொல்லிவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். மேடவாக்கம் பக்கம், 16 வீடு, இடத்தோடு வந்த ஒரு பழைய உறைகிணறு, இரண்டு போர். அந்த மாதம் இரண்டு போரிலும் காற்றுதான் வந்தது. கிணற்றில் எட்டிப் பார்த்தால் அடியில் ஒரு செருப்பும் ஒரு டென்னிஸ் பந்தும் தெரிந்தன. பந்து 2016-ல் என் மகள் தொலைத்தது.

பொருளாளருக்கு அப்போது ஒரே ஒரு வேலை. டேங்கர் நோட்டு. நீல அட்டை போட்ட 200 பக்க நோட்டில் லாரி வந்த தேதி, நேரம், லிட்டர், ரூபாய், வாட்ச்மேன் அண்ணனின் கையெழுத்து. ஜனவரியில் 12,000 லிட்டர் லாரிக்கு 1,600 ரூபாய் என்று முந்தைய பொருளாளர் எழுதி வைத்திருந்தார். ஜூன் இரண்டாம் வாரம் நான் எழுதியது 4,800. காசு கொடுத்தாலும் சொன்ன நேரத்துக்கு வராது, ராத்திரி இரண்டரை மணிக்கு ஹாரன் அடிப்பான், நைட்டியோடு ஓடிப்போய் சம்ப் மூடியைத் திறக்க வேண்டும், பாதி லாரியை வேறு எங்கோ இறக்கிவிட்டு வந்தானா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். மாதக் கடைசியில் மொத்தத்தையும் கூட்டி 16-ஆல் வகுத்து வாட்ஸ்அப்பில் போட வேண்டும். உடனே சண்டை. "நாங்க ரெண்டே பேரு, எங்களுக்கும் அதே தொகையா?" இந்தக் கேள்விக்கு வருகிறேன், கடைசியில்.

அந்த ஜூனில்தான் ஒரு நாள் தூக்கம் வராமல் சென்னையின் ஆண்டு சராசரி மழை எவ்வளவு என்று தேடினேன். ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். சரி, மழைக்குப் பேர்போன லண்டனுக்கு? 600 சொச்சம். இரண்டு முறை சரிபார்த்தேன். எப்போதும் குடையோடு அலைகிறவர்கள் என்று நாம் கேலி செய்யும் ஊரைவிட இரண்டு மடங்குக்கு மேல் மழை வாங்கும் ஊரில் உட்கார்ந்துகொண்டு, நான் ராத்திரி இரண்டரை மணிக்கு லாரிக்காரனுக்குக் காத்திருக்கிறேன். எங்கேயோ கணக்கு இடிக்கிறது என்றால் எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குச் சோறு இறங்காது. அப்படித்தான் தண்ணீர்ப் பற்றாக்குறை பற்றிய ஆய்வுகளைப் படிக்க ஆரம்பித்தேன். இந்தப் பதிவு, அப்போதிலிருந்து படித்ததில் எனக்கு ஒட்டிக்கொண்ட விஷயங்கள். நான் நீரியல் படித்தவள் இல்லை, பி.காம்.

உலகத்தில் யார் தண்ணீர்ப் பஞ்சத்தில் இருக்கிறார்கள் என்று எப்படி முடிவு செய்வது? இதற்கு முதலில் எளிமையாக ஓர் அளவுகோல் கொடுத்தவர் மாலின் ஃபால்கென்மார்க் என்ற ஸ்வீடன் நாட்டு நீரியலாளர். 1989-ல் அவர் வைத்த கணக்கு இது: ஒரு நாட்டில் ஆண்டுதோறும் ஆறு, ஏரி, நிலத்தடி வழியாகப் புதுப்பிக்கப்படும் தண்ணீரை மக்கள்தொகையால் வகுங்கள். தலைக்கு ஆண்டுக்கு 1,700 கனமீட்டருக்குக் கீழே போனால் நெருக்கடி, 1,000-க்குக் கீழே போனால் பற்றாக்குறை, 500-க்குக் கீழே போனால் முழுப் பஞ்சம். ஒரு கனமீட்டர் என்றால் 1,000 லிட்டர். அதாவது ஆளுக்கு ஒரு நாளைக்கு 2,700 லிட்டர் கிடைத்தாலும் அது பற்றாக்குறையின் எல்லைக்கோடுதான். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது, நாங்கள் நாலு பேர் 500 லிட்டரில் நாளை ஓட்டிக்கொண்டிருந்தோம். அப்புறம் புரிந்தது, அந்த 2,700-ல் குடிப்பதும் குளிப்பதும் கொசுறு, மீதியெல்லாம் சோறு. உலகத்தில் மனிதர்கள் எடுக்கும் நன்னீரில் ஏறத்தாழ 70 சதவீதம் வயலுக்குத்தான் போகிறது.

இந்தியாவின் எண் 1951-ல் 5,177 கனமீட்டர். 2021-க்கு மத்திய நீர் ஆணையம் போட்ட மதிப்பீடு 1,486. மழை குறைந்துவிடவில்லை, வகுக்கும் எண் பெரிதாகிவிட்டது.

ஃபால்கென்மார்க் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு (98 வயது வரை இருந்து 2023-ல் காலமானார்). ஆனால் இந்த அளவுகோலைப் பார்த்ததும் என் தொழில் புத்தி முழித்துக்கொண்டது. இது வருஷக் கணக்கு. வருஷக் கணக்கில் லாபம் காட்டும் கம்பெனி, ஏழாம் தேதி சம்பளம் போடக் காசில்லாமல் முழிப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆண்டு வரவு நன்றாகத்தான் இருக்கும், மார்ச்சில் வர வேண்டியது மார்ச்சில் வரும், ஆனால் ஆகஸ்டில் கல்லா காலி. சென்னையின் கதை அச்சு அசல் இதுதான். எங்களுக்கு மழைச் சம்பளத்தில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மொத்தமாக வந்துவிடும், அதிலும் கொட்டித் தீர்ப்பது விரல்விட்டு எண்ணக்கூடிய சில நாட்கள். லண்டனுக்கு வருவது சின்னச் சம்பளம், ஆனால் மாதாமாதம் வருகிறது.

இதையே ஆராய்ச்சியாளர்கள் எனக்கு முன்னாலேயே யோசித்திருக்கிறார்கள் என்று தெரிந்தபோது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மெஸ்ஃபின் மெக்கோனென், ஆர்யன் ஹூக்ஸ்ட்ரா இருவரும் 2016-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். உலக வரைபடத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் மாதவாரியாகக் கணக்குப் போட்டார்கள். ஓடும் தண்ணீரில் 80 சதவீதத்தை ஆற்றுக்கே என்று ஒதுக்கிவிட்டு (மீனும் கழிமுகமும் பிழைக்க வேண்டாமா), மிச்சம் எவ்வளவு, மனிதர்கள் தீர்ப்பது எவ்வளவு என்று பார்த்தார்கள். தீர்ப்பது மிச்சத்தைப் போல இரண்டு மடங்கைத் தாண்டினால் அது கடும் பற்றாக்குறை. வருஷத்தில் ஒரு மாதமாவது இந்த நிலையில் வாழ்கிறவர்கள் 400 கோடிப் பேர். உலக மக்களில் மூன்றில் இரண்டு பங்கு. அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் இந்தியாவிலும் சீனாவிலும் இருக்கிறார்கள். பன்னிரண்டு மாதமும் அதே நிலைதான் என்பவர்கள் 50 கோடி. அதற்கு முன்பு வந்த கணக்குகள் 170 கோடிக்கும் 310 கோடிக்கும் நடுவில்தான் சொல்லிக்கொண்டிருந்தன. வருஷத்திலிருந்து மாதத்துக்கு இறங்கியதும் பஞ்சத்தில் இருப்பவர்கள் எண்ணிக்கை எகிறிவிட்டது. புதிதாக யாரும் தாகத்தில் விழவில்லை. சராசரிக்குள் ஒளிந்திருந்தவர்கள் வெளியே தெரிந்தார்கள், அவ்வளவுதான். நான் அந்தக் கட்டுரையைப் படித்து முடித்த அதே வருஷம் நவம்பரில் ஹூக்ஸ்ட்ரா 52 வயதில் இறந்துபோனார் என்று செய்தி வந்தது. முகம் தெரியாத ஒருவருக்காக ஒரு நாள் முழுக்க மனசு சரியில்லாமல் இருந்தது.

சரி, சென்னைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் அப்போதைய கணக்கில் விளிம்பு வரை நிரம்பினால் 11,257 மில்லியன் கனஅடி, அதாவது 11 டி.எம்.சி. சொச்சம். ஒரு டி.எம்.சி. என்பது சுமார் 2,830 கோடி லிட்டர். நகரத்துக்கு வழக்கமாக ஒரு நாளைக்கு விட்டுக்கொண்டிருந்தது 83 கோடி லிட்டர். வகுத்தால் 384 நாள். நான்கு ஏரியும் தளும்பினாலும், அதை மட்டுமே நம்பினால் ஒரு வருஷமும் மூன்று வாரமும். அதுவும் வெயில் குடிக்காமல் விட்டால். நம் ஏரிகள் எல்லாம் தாம்பாளம் மாதிரி அகலமானவை, ஆழம் இல்லை, ஏப்ரல் மே வெயில் அதில் கணிசமாக உறிஞ்சிவிடும். வீராணம், கிருஷ்ணா நீர், கடல்நீர் ஆலைகள் எல்லாம் கை கொடுப்பது உண்மைதான். ஆனால் அடிப்படையில் இந்த நகரத்தின் சட்டைப் பையில் ஒரு வருஷச் செலவுக்குத்தான் இடம் இருக்கிறது. ஒரு பருவமழை பொய்த்தால் அடுத்த கோடை ஆட்டம் காணும். 2018 வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2019 ஜூனில் நான்கு ஏரியிலும் சேர்த்து மொத்தக் கொள்ளளவில் ஒரு சதவீதம்கூட இல்லை.

அதற்கு நாலு வருஷம் முன்னால்? 2015 நவம்பர் ஒரே மாதத்தில் நுங்கம்பாக்கத்தில் 1,000 மில்லிமீட்டரைத் தாண்டியது. டிசம்பர் 1-ம் தேதி பெய்ய ஆரம்பித்தது மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர். எங்கள் தரைத்தள வீடுகளுக்குள் முழங்கால் அளவு தண்ணீர், சம்பும் சாக்கடையும் ஒன்றாகி, முதல் மாடியில் எங்கள் வீட்டில் மூன்று குடும்பம் நான்கு நாள் தங்கினார்கள். அப்போதும் குடிக்கத் தண்ணீர் இல்லை என்பது வேறு விஷயம். 2015-ஐயும் 2018-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்தால் அருமையான, சமத்தான, பாடப்புத்தகத்தில் போடலாம் என்கிற மாதிரி ஒரு வருஷம் கிடைக்கும். அந்த வருஷத்தில் சென்னையில் யாரும் வாழவில்லை.

2019 ஜூலை 12-ம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்குத் தண்ணீர் ரயில் வந்தது. மாலை எல்லாம் போட்டு வரவேற்றார்கள். டி.வி.யில் பார்த்துக்கொண்டே நான் கால்குலேட்டரை எடுத்தேன் (என் கணவர் "வேணாம், பாக்க விடு" என்றார்). 50 வேகன், 25 லட்சம் லிட்டர். நகர விநியோகத்தை அப்போது 52.5 கோடி லிட்டராகக் குறைத்திருந்தார்கள். அந்தக் குறைத்த அளவிலும் ஒரு ரயில் அரை சதவீதம்கூட வராது. ரயிலைக் குறை சொல்லவில்லை, அன்றைக்கு அந்தத் தண்ணீர் கிடைத்த தெருவுக்கு அது நூறு சதவீதம். ஆனால் ஏரியின் வேலையை ரயிலால் செய்ய முடியாது என்பது அந்த ஒரு வகுத்தலில் தெரிந்துபோயிற்று.

ஏரி என்று சொன்னதும் வாட்ஸ்அப்பில் வரும் "நம் முன்னோர்கள் முட்டாள்கள் இல்லை" ரகச் செய்திகள் ஞாபகம் வரும். எனக்கு அந்த நடை பிடிக்காது. ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும், இந்த ஊரின் மழையை மாதக் கணக்காகப் புரிந்துகொண்டவர்கள் அவர்கள்தான். மூன்று மாதம் கொட்டுவதைப் பிடித்து ஒன்பது மாதம் ஓட்ட வேண்டும், ஆற்றை நம்ப முடியாது, அதனால் மேட்டிலிருந்து பள்ளம் வரை சங்கிலியாக ஏரி வெட்டு, ஒன்று நிரம்பினால் கலங்கல் வழியாக அடுத்ததுக்குப் போகட்டும். உத்திரமேரூர்க் கல்வெட்டில் பராந்தகன் காலத்தில், அதாவது 1,100 வருஷத்துக்கு முன்னால், ஏரி வாரியம் என்று தனியாக ஒரு குழு இருந்திருக்கிறது. நாம் எழுதும் டேங்கர் நோட்டுக்கு அவர்கள்தான் முதல் பொருளாளர்கள். பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் என்று பெயரில் தாங்கல் இருந்தால் அது மழைநீரைத் தாங்கிய சின்ன ஏரி. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று ஒன்று இருக்கிறது, அங்கே நின்று எந்தப் பக்கம் திரும்பினாலும் லேக் தெரியாது. நுங்கம்பாக்கத்திலிருந்து தெற்கே நீண்டு கிடந்த அந்தப் பெரிய ஏரியை 1920-களில் மேடாக்கி எழுப்பியதுதான் இன்று நாம் தீபாவளிக்குத் துணி எடுக்கும் தி.நகர். எங்கள் பக்கத்துக்கு வந்தால் பள்ளிக்கரணை. 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள், சந்தோஷம், ஆனால் பழைய சதுப்பில் மிஞ்சியிருப்பது கொஞ்சம்தான். நானே அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒரு பள்ளத்தில் கட்டின வீட்டில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வாங்கும்போது கார் பார்க்கிங் இருக்கிறதா என்றுதான் கேட்டோம்.

கண்ணுக்குத் தெரியும் ஏரிக்கே இந்தக் கதி என்றால் தரைக்குக் கீழே இருப்பதை யார் எண்ணுவது? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த ஆராய்ச்சி வருகிறது. 2002-ல் நாசாவும் ஜெர்மனியும் சேர்ந்து கிரேஸ் என்ற பெயரில் இரட்டைச் செயற்கைக்கோள்களை அனுப்பின. ஒன்றன் பின் ஒன்றாக, நடுவில் சுமார் 220 கிலோமீட்டர் இடைவெளி விட்டு, பூமியைச் சுற்றும். பூமியைப் படம் பிடிக்கும் கேமராவே கிடையாது. இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தை அளப்பது மட்டும்தான் வேலை, அதுவும் தலைமுடித் தடிமனில் ஒரு சிறு பங்கு மாறினாலும் கண்டுபிடிக்கும் துல்லியத்தோடு. கீழே எடை அதிகமான இடம் வந்தால் முன்னால் போகும் கோளைப் புவியீர்ப்பு சற்று இழுக்கும், இடைவெளி கூடும். ஒரே இடத்தின் மேல் மாதாமாதம் இப்படி அளந்தால் அங்கே எடை கூடுகிறதா குறைகிறதா என்று தெரிந்துவிடும். மலையும் பாறையும் மாதத்துக்கு மாதம் மாறாது. மாறுவது பெரும்பாலும் தண்ணீர். பூமியைத் தராசில் வைத்துத் தண்ணீரை நிறுக்கிறார்கள் என்று சொன்னால் மிகையே இல்லை.

2009-ல் ராடெல், வெலிகோன்யா, ஃபமிலியெட்டி என்ற விஞ்ஞானிகள் மூவரும் இதைவைத்து ராஜஸ்தான், பஞ்சாப், ஹரியானா பகுதியை நிறுத்துப் பார்த்தார்கள். 2002 ஆகஸ்டிலிருந்து 2008 அக்டோபர் வரை அங்கே நிலத்தடியிலிருந்து காணாமல் போனது 109 கன கிலோமீட்டர். நமக்குப் புரிகிற மாதிரி மாற்றினால் ஏறத்தாழ 3,850 டி.எம்.சி. மேட்டூர் நிரம்பினால் 93.47. ஆறே வருஷத்தில் 41 மேட்டூர் அணை அளவு தண்ணீரை, யார் கண்ணிலும் படாமல், உறிஞ்சி எடுத்திருக்கிறார்கள். அந்த ஆண்டுகளில் மழை கிட்டத்தட்ட வழக்கம்போலத்தான் பெய்திருக்கிறது. வரவில் குறையில்லை, அசலையே எடுத்துச் செலவழித்திருக்கிறார்கள், பாஸ்புக் யார் கையிலும் இல்லாததால் யாருக்கும் தெரியவில்லை.

ஏன் எடுத்தார்கள் என்று பார்த்தால் விவசாயியைத் திட்ட மனசு வராது. பஞ்சாபில் சோறு அன்றாடச் சாப்பாடு கிடையாது, ரொட்டிதான். ஆனாலும் நெல் போடுகிறார்கள், ஏனென்றால் அரசு குறைந்தபட்ச ஆதரவு விலைக்கு நிச்சயமாக வாங்கிக்கொள்ளும், மோட்டாருக்கு மின்சாரமும் இலவசம். விளைந்ததில் பெரும்பகுதி மத்தியத் தொகுப்புக்குப் போய் நாடு முழுக்க ரேஷன் கடைகளுக்குப் பிரிகிறது. ஒரு கிலோ அரிசிக்கு உலக சராசரியாக 2,500 லிட்டர் தண்ணீர் என்பது ஹூக்ஸ்ட்ரா குழுவின் கணக்கு (இங்கேயும் சராசரிதான், எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்ளுங்கள்). டோனி ஆலன் என்ற லண்டன் பேராசிரியர் 1990-களில் இதற்கு மறைநீர் என்று பொருள்படும் ஒரு பெயர் வைத்தார். தண்ணீர் இல்லாத மத்தியக் கிழக்கு நாடுகள் தண்ணீருக்காகப் போருக்குப் போகாமல் எப்படிச் சமாளிக்கின்றன என்று யோசித்தவர், கோதுமை மூட்டைகளைப் பார்த்துக் கண்டுபிடித்தார். அவர்கள் தானியத்தை இறக்குமதி செய்யும்போது அதை விளைவித்த தண்ணீரையும் சேர்த்தே இறக்குமதி செய்கிறார்கள். நம் நாட்டில் வேடிக்கை என்னவென்றால் வறண்ட மேற்கிலிருந்து மழை அதிகம் பெய்யும் கிழக்குக்கும் அரிசி மூட்டையில் தண்ணீர் பயணம் செய்கிறது. அங்கே மாலை போட்டு யாரும் வரவேற்பதில்லை.

பஞ்சாபும் ஹரியானாவும் சும்மா இருக்கவில்லை. 2009-ல் சட்டம் கொண்டுவந்தார்கள்: பஞ்சாபில் ஜூன் 10-க்கு முன்னால் நாற்று நடக் கூடாது. மே மாத அனல் வெயிலில் வயலில் தண்ணீரைத் தேக்கி ஆவியாக விடாதே என்பது நோக்கம். சரியான யோசனை, மாதக் கணக்கு தெரிந்தவர்கள் போட்ட சட்டம். ஆனால் நடவு தள்ளிப்போனதால் அறுவடையும் தள்ளிப்போயிற்று. அடுத்து கோதுமை விதைக்க இடையில் சில வாரம்தான், வைக்கோல் கட்டையை அப்புறப்படுத்த நேரம் இல்லை, தீ வைத்தார்கள். அது நவம்பரில், காற்று அசையாமல் குளிர்ந்து கிடக்கும் சமயத்தில். புகை போய் டெல்லியின் மேல் உட்கார்ந்துகொண்டது. நிலத்தடி நீரைக் காப்பாற்றப் போட்ட சட்டம் டெல்லிக் குழந்தைகளின் நுரையீரலில் கொஞ்சம் வசூல் செய்திருக்கிறது என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. "இதைச் செய்தால் போதும், தண்ணீர்ப் பிரச்சினை தீர்ந்தது" என்று யாராவது மேடையில் பேசினால் நான் இப்போதெல்லாம் செல்போனை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் இதுதான்.

கடல்நீரைக் குடிநீராக்கலாமே என்பவர்களுக்கும் அதே பதில். சென்னையில் மீஞ்சூரில் 2010 முதலும் நெம்மேலியில் 2013 முதலும் ஓடுகின்றன, 2024-ல் நெம்மேலியில் இன்னொன்று. நல்லதுதான், மழையை நம்பாத ஒரே வரவு அது. மின்சாரத்தைக் குடிக்கும், உலக அளவில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு ஒன்றரை லிட்டர் உவர்க்கழிவைத் திரும்பக் கடலில் கொட்டும். அதைவிட எனக்கு நம்பிக்கை கொடுப்பது நமீபியாவின் தலைநகர் வின்ட்ஹோக். பாலைவனத்து ஊர். 1968-லிருந்து கழிவுநீரைச் சுத்திகரித்து நேராகக் குடிநீர்க் குழாயில் விடுகிறார்கள். அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. இதை எங்கள் சங்கக் கூட்டத்தில் சொன்னேன், ஒரு மாமா எழுந்து வெளியே போய்விட்டார். சென்னையிலும் 2019-ல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் வீதம் சுத்திகரிக்கும் ஆலைகள் வந்தன, அந்தத் தண்ணீர் மணலி மாதிரி இடங்களில் உள்ள தொழிற்சாலைகளுக்குப் போகிறது. அந்த மாமா வேலை பார்த்து ஓய்வு பெற்றதும் மணலியில்தான். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் பற்றி எல்லாரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். மூன்று வருஷ வறட்சி, 2018 பிப்ரவரி 1 முதல் ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் என்று கட்டுப்பாடு. 2015-ல் நாளொன்றுக்குச் சுமார் 120 கோடி லிட்டர் செலவழித்த நகரம் 50 கோடிக்கு இறங்கி, குழாயை மூட வேண்டிய நாள் வராமலே தப்பித்தது. வீட்டில் அதைச் சோதித்துப் பார்ப்போம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கு 50 லிட்டர் வாளியில் பிடித்து வைத்தேன். என் மகள் காலை பத்து மணிக்கே அவுட். வாஷிங் மெஷின் ஒரு முறை ஓடினால் இரண்டு ஆளின் பங்கு காலி. அசராமல் ஜெயித்தது என் அத்தை, அதாவது மாமியார். சாயங்காலம் அவர் வாளியில் இன்னும் 15 லிட்டர் இருந்தது. ராமநாதபுரம் பக்கத்துக் கிராமம் அவருக்கு. "எங்க ஊருணியில கால் நனைக்கக்கூட விட மாட்டாங்க. நீங்க தண்ணியில விளையாடுறீங்க, அதுக்கு நோட்டு வேற" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு அடுத்த வேலையைக் கொடுத்தது. ஒரே வீட்டுக்குள் நாலு பேர் நாலு மாதிரி செலவழிக்கிறோம் என்றால், 16 வீட்டை 16-ஆல் வகுக்கும் என் கணக்கு என்ன லட்சணத்தில் இருக்கும்? ஊருக்கெல்லாம் சராசரியைக் கேலி செய்துகொண்டு மாதாமாதம் நானே ஒரு சராசரியை வாட்ஸ்அப்பில் போட்டுக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வீடு மீட்டர் வைக்கலாம் என்று கூட்டத்தில் சொன்னேன். இதை நிறைவேற்ற நான்கு வருஷம் ஆயிற்று. முதலில், ஒரு வீட்டுக்கு ஒரு குழாய் என்று நினைத்தேன், இல்லையாம், கிச்சனுக்கு ஒன்று, ஒவ்வொரு பாத்ரூமுக்கும் ஒன்று என்று மொட்டைமாடி டேங்கிலிருந்து தனித்தனியாக இறங்குகிறது. மொத்தம் 48 மீட்டர். அதற்கு யார் காசு, எங்கே மாட்டுவது, வாடகைக்கு விட்டவர்கள் எதற்குக் கொடுக்க வேண்டும், "என்ன மேடம், நாங்க திருடங்களா?" எல்லாம் முடிந்து ஓட்டெடுப்பில் 9-க்கு 7 என்று ஜெயித்தது. நடுவில் நல்ல மழை பெய்து கிணறு நிரம்பிய வருஷங்களில் யாரும் இந்தப் பேச்சையே எடுக்கவில்லை. கேட்டால் "அதான் தண்ணி இருக்கே". கிணறு நிரம்பியிருக்கும்போது கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சு போட்டு நான் ஞாயிறுதோறும் ஆழம் அளப்பதைப் பார்த்து வாட்ச்மேன் அண்ணன்கூட ஒரு மாதிரிதான் பார்த்தார். இப்போது நான் ஊருக்குப் போனால் அவரே அளந்து நோட்டில் எழுதி வைக்கிறார். முடிச்சை எண்ணுவதில் என்னைவிடக் கறார்.

போன மாதம் முதல் ரீடிங் எடுத்தோம். 16 வீட்டிலும் அதிகத் தண்ணீர் யார் வீட்டில் போகிறது என்று பார்க்கப் பல பேருக்கு ஆவல், எனக்கும்தான். மூன்றாம் மாடியில் இரண்டு கார் வைத்துக் கழுவுகிறவர் மேல்தான் எல்லாருடைய சந்தேகமும். அவர் ஐந்தாவது இடம். "நாங்க ரெண்டே பேரு" என்று 2019-லிருந்து சண்டை போட்டவர் உண்மையிலேயே மிகக் குறைவு, அவரிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது. முதலிடம் முதல் மாடி, பொருளாளர் வீடு.

நம்பாமல் ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு டார்ச் எடுத்துக்கொண்டு டக்ட் பக்கம் போய்ப் பார்த்தேன். இரண்டாவது பாத்ரூம் மீட்டரில் அந்தச் சின்னச் சிவப்பு முள் மெதுவாக, நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தது. ஃபிளஷ் டேங்க் வால்வு ஒழுகுகிறது. எத்தனை நாளாக என்று யாருக்குத் தெரியும். பிளம்பர் தம்பியைக் கூப்பிட்டேன், "நாளைக்குக் காலையில வந்துடுறேன்க்கா" என்றார். அதற்குள் அத்தைக்குத் தெரியக் கூடாது என்று பாத்ரூம் வால்வை மூடி வைத்திருக்கிறேன்.